சுடுவதா, பூட்டி வைப்பதா?

உலகப் போர் காலத்துக் கைத்துப்பாக்கிகள் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கின்றன. கூடவே ஒரு தர்மசங்கடமும்.

சிங்கர் என்றால் நமக்குத் தையல் மெஷின். அமெரிக்கத் துப்பாக்கிச் சேகரிப்பாளர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கண்களில் வேறு ஒரு வெளிச்சம் வரும். 1940-ல் அமெரிக்க ராணுவம் சிங்கர் கம்பெனியிடம் 500 கைத்துப்பாக்கிகளைச் செய்து தரும்படி கேட்டது. போர் மூண்டால் துப்பாக்கிக்குச் சம்பந்தமில்லாத தொழிற்சாலைகளால் என்ன முடியும் என்று பார்ப்பதற்கான வெள்ளோட்டம் அது. சிங்கர் 500-ஐயும் செய்து கொடுத்தது. அத்தோடு சரி. பீரங்கிகளுக்குக் குறிபார்க்கும் கருவிகள் போன்ற வேறு வேலைகளுக்கு அந்தக் கம்பெனி திருப்பிவிடப்பட்டது. எஸ்800001 முதல் எஸ்800500 வரை எண்ணிட்ட அந்தத் துப்பாக்கிகளில் ஒன்று 2017-ல் அமெரிக்காவின் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 4,14,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல்.

வாங்கியவர் அதில் ஒரு தோட்டாவையாவது போட்டுச் சுட்டுப் பார்ப்பாரா? மாட்டார் என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.

சிங்கர் விஷயத்தில் பதில் சுலபம். சிக்கல் மற்றவற்றில்தான். எம்1911ஏ1 என்ற அதே மாடலை இரண்டாம் உலகப் போரின்போது இன்னும் நான்கு கம்பெனிகள் செய்தன. கோல்ட், இதாகா இரண்டும் துப்பாக்கிக் கம்பெனிகள். யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், ரயில்வே சிக்னல் செய்கிற கம்பெனி. நான்காவது ரெமிங்டன் ராண்ட்: நம் ஊர் கோர்ட் வாசல்களில் மனு அடித்துத் தந்த அதே டைப்ரைட்டர் பெயர்தான். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் ஆரம்பத்தில் தட்டுத் தடுமாறி, பிறகு 8 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் செய்து எல்லோரையும் முந்தியது டைப்ரைட்டர் கம்பெனி. மொத்தத்தில் ஏறத்தாழ 19 லட்சம் துப்பாக்கிகள். இவற்றில் கணிசமானவை இன்னும் அமெரிக்க வீடுகளில் அலமாரிகளிலும் டிரங்குப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. கூடவே ஜெர்மன் லூகர்களும் வால்தர்களும், ஜப்பானிய நம்பூக்களும். வீரர்கள் போர்க்களத்திலிருந்து எடுத்து வந்தவை அவை.

இப்போது அந்தப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. அந்தப் போரில் பணியாற்றிய அமெரிக்கர்கள் 1 கோடியே 60 லட்சம் பேர். உயிரோடிருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். தாத்தா போன பிறகு பெட்டியைத் திறக்கும் பேரனுக்கு, எண்ணெய்த் துணியில் சுற்றிய கனமான பொருள் ஒன்று கிடைக்கிறது. அவனுக்கு வரும் முதல் ஆசை இயல்பானது: இதைச் சுட்டுப் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால் அவர் பதறுவார்: தொடாதே.

இரண்டு பேரும் பாதிதான் சரி.

முதலில் பேரனின் பக்கம். இந்தத் துப்பாக்கி கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த மாடல், சிறு மாற்றங்களோடு 1985 வரை அதன் அதிகாரப்பூர்வக் கைத்துப்பாக்கியாக இருந்தது. மண்ணிலும் சேற்றிலும் மழையிலும் சுடுவதற்கென்றே செய்யப்பட்டது. கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனம். மேகசினில் ஏழு தோட்டா. ஒவ்வொரு குண்டும் சுமார் 15 கிராம். குறிபார்க்கும் மேடு இத்துனூண்டு. இருட்டில் கண்ணுக்கே தெரியாது. சுட்டால் மணிக்கட்டு மேலே தூக்கும். பத்தொன்பது வயதில் தாத்தா எதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளத்தில் படுத்திருந்தார் என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. இந்த ஆசையை வெறும் விளையாட்டுப் புத்தி என்று தள்ளிவிட முடியாது.

இனி பதறுகிறவரின் பக்கம். சுட்டால் தேய்ந்துவிடும் என்கிறார். உண்மைதான், ஆனால் கொஞ்சம்தான். அந்தக் காலத்து ஸ்லைடுகள் இன்றைய துப்பாக்கிகளைப் போல முழுக்கக் கெட்டிப்படுத்தப்பட்டவை அல்ல. ஆயிரக்கணக்கில் சுட்டால் விரிசல் விடக்கூடும். விரிசல் விட்டவையும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஐம்பது தோட்டா சுடுவதால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு எம்1911ஏ1 பாழாகிவிடாது. பாழாக்குவது சுட்டபின் நடக்கும் காரியங்கள்.

சுட்டால் கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றினால் திரும்பப் பூட்ட வேண்டும். இந்தத் துப்பாக்கியின் இடப்பக்கம் ஸ்லைடை நிறுத்தும் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைத் திரும்பப் பொருத்தும்போது அவசரப்பட்டால் அதன் முனை உடம்பில் வளைவாக ஒரு கோடு கிழித்துவிடும். சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டாள் கீறல்'. எண்பது வருடம் கீறலில்லாமல் இருந்த துப்பாக்கிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அது வந்து சேரும். கீறலைப் பார்த்து மனம் பொறுக்காதவர் அடுத்து உப்புத்தாளை எடுப்பார். அல்லது கடையில் கொடுத்துப் புதுசாகச் சாயம் ஏற்றுவார். கதை முடிந்தது. புதுச் சாயம் ஏற்றிய போர்க்காலத் துப்பாக்கி பழைய விலையில் பாதிக்குக்கூடப் போகாது.

அந்த மங்கிய, சாம்பல் பூத்த மேற்பூச்சில் அப்படி என்ன இருக்கிறது? அது ஒரு சாட்சிப் பத்திரம். எந்தக் கம்பெனி எந்த ஆண்டில் எந்த முறையில் பூச்சு கொடுத்தது என்பது சேகரிப்பாளருக்குத் தெரியும். உடம்பில் 'எஃப்.ஜே.ஏ.' என்று பொறித்திருந்தால் ராணுவத்தின் சார்பில் சோதித்து ஏற்றவர் ஃபிராங்க் அட்வுட்; ரெமிங்டன் ராண்ட் துப்பாக்கியில் அந்த எழுத்துதான் இருக்க வேண்டும். 'ஜே.கே.சி.' என்றால் ஜான் கிளெமென்ட், சிங்கர். குழலில் 'எச்.எஸ்.' என்றிருந்தால் ஹை ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்து தந்தது. கைப்பிடியின் இருபுறமும் பழுப்பு நிற பிளாஸ்டிக் தட்டு. இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி, தொழிற்சாலையைவிட்டு வெளியேறிய நாளில் இருந்தபடியே இருந்தால் அது 'அசல்'. உப்புத்தாள் அழிப்பது இரும்பை அல்ல, இந்த எழுத்துகளை.

அசல் ஏன் அரிது என்பதற்கு ராணுவமே காரணம். ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனியின் துப்பாக்கியில் அப்படியே பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. போருக்குப் பிறகு ராக் ஐலண்ட், அகஸ்டா போன்ற ராணுவப் பட்டறைகளில் இவை மலைபோல் வந்து குவிந்தன. பட்டறைக்காரர் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனிக் குவியலாகப் போட்டார். கோல்ட் உடம்பு, இதாகா ஸ்லைடு, வேறெங்கோ செய்த குழல். கைக்குக் கிடைத்ததைப் பூட்டிப் புதுப்பூச்சு கொடுத்து ஒரு முத்திரை குத்தி அனுப்பினார். அவருக்குத் தேவை சுடுகிற துப்பாக்கி. பிற்காலத்தில் யாரோ பூதக்கண்ணாடியோடு வருவார்கள் என்று அவர் கண்டாரா?

ஆக, பெட்டியைத் திறந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'சுடலாமா' என்பதல்ல. 'இது யாரும் கை வைக்காததா, ஏற்கனவே கலந்ததா' என்பதுதான். கலந்ததென்றால் தாராளமாகச் சுடலாம் என்பது என் கட்சி. அதன் சாட்சியம் ஒருமுறை கலைக்கப்பட்டுவிட்டது. இன்னொருமுறை கலைக்க முடியாது. பட்டறை முத்திரையும் ஒரு வரலாறுதான் என்று சில சேகரிப்பாளர்கள் இப்போது அதையும் மதிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வரலாற்றை ஐம்பது தோட்டா அழித்துவிடாது.

அசலை அழித்தவர்கள் பட்டறைக்காரர்கள் மட்டுமல்ல. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு உபரித் துப்பாக்கிகளைச் சுடும் சங்க உறுப்பினர்களுக்கு விற்றது. விலை சுமார் 17 டாலர். அந்த விலைக்கு வாங்கியதை யார் பத்திரப்படுத்துவார்கள்? குறிபார்க்கும் மேட்டை அரத்தால் எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றை வைத்தார்கள். விசையை லேசாக்கினார்கள். குரோமியம் பூசிப் பளபளக்க வைத்தார்கள். போட்டிகளில் பரிசும் வாங்கினார்கள். அவர்கள் தப்புச் செய்ததாகச் சொல்ல முடியாது. அன்று அது கத்தரிக்காய் போல மலிந்து கிடந்தது. கத்தரிக்காய்க்கு யாராவது காப்பீடு எடுப்பார்களா?

அரை நூற்றாண்டு கழித்து அதே அரசுக் கிடங்கிலிருந்து இன்னொரு தவணை வந்தது. 2015-ல் நிறைவேறிய சட்டத்தின்படி, ராணுவக் கையிருப்பில் எஞ்சியிருந்த 1911-களில் 8,000-ஐ 'சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்' என்ற அமைப்புக்கு 2018-ல் ராணுவம் தந்தது. ஆளுக்கு ஒன்றுதான். கிட்டத்தட்ட 19,000 பேர் விண்ணப்பித்தார்கள். கம்ப்யூட்டர் குலுக்கல் நடத்தி வரிசை போட்டது. தரத்துக்குத் தகுந்தபடி 850 டாலர், 950 டாலர், 1,050 டாலர். வந்தவற்றில் பெரும்பாலும் பட்டறையில் கலந்தவைதான். அதனால் வாங்கியவர்களில் பலர் வீட்டுக்குப் போகும் முன்பே சுடும் மைதானத்துக்குப் போனதில் ஆச்சரியமில்லை. அபூர்வமானவற்றைத் தனியே பிரித்து ஏலத்துக்கு வைத்துக்கொண்டது அமைப்பு. அசலையும் கலந்ததையும் பிரிக்கும் வேலையை இங்கே விற்பவரே செய்துவிட்டார்.

ஜெர்மன் லூகரில் கணக்கு கொஞ்சம் கடுமை. ஜெர்மானியர்கள் எதையும் எண் போடாமல் விடுவதில்லை. துப்பாக்கியின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களைச் சின்னஞ்சிறு பாகங்களிலும் பொறித்தார்கள். விசை, பூட்டு, சுட்ட தோட்டாவின் வெற்று உறையை இழுத்து எறியும் கொக்கி, எல்லாவற்றிலும் அதே இரண்டு இலக்கம். எல்லாம் பொருந்தினால் ராஜா. ஒன்று மாறினால் 'ஷூட்டர்', அதாவது சுடுவதற்கு மட்டும் லாயக்கானது. விலை பாதியாகவே இறங்கலாம். இதில் பொல்லாத விஷயம், சுடும்போது முதலில் உடையக்கூடிய பாகங்களில் ஒன்று அந்தக் கொக்கிதான். நகக்கண் அளவு இரும்பு. உடைந்தால் புதிது கிடைக்கும், ஆனால் அந்த எண்ணோடு கிடைக்காது. எண் பொருந்திய லூகரை ஆசைக்கு ஒரு மேகசின் சுடுகிறவர் நல்ல சூதாட்டக்காரராக இருக்க வேண்டும். அதற்குப் பதில் எண் பொருந்தாத லூகர் ஒன்றை வாங்கி மனம்போலச் சுடுவது பலர் கண்ட வழி. கையில் கிடைக்கும் அனுபவத்தில் இம்மியும் வித்தியாசமில்லை.

ஜப்பானிய நம்பூவில் சுடும் ஊசி முறியும். ஜப்பான் ராணுவத்துக்கே அது தெரியும். 14-ம் ரக நம்பூவின் தோலுறையிலேயே மாற்று ஊசிக்கு இடம் வைத்துத்தான் கொடுத்தார்கள். தோட்டாவே இல்லாமல் விசையை டிக் டிக் என்று தட்டி விளையாடினாலும் முறியலாம்.

சுடவே கூடாத ஒன்றும் உண்டு. எதிரி பிடித்த நாடுகளில் ரகசியப் படையினருக்குப் போட 1942-ல் அமெரிக்கா பத்து லட்சம் 'லிபரேட்டர்' துப்பாக்கிகளைச் செய்தது. செய்தது, ஜெனரல் மோட்டார்ஸின் கார் விளக்குப் பிரிவு. தகடு வெட்டி, மடித்து, பற்றவைத்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. ஒன்றுக்கு அடக்கவிலை இரண்டு டாலரைச் சற்றே தாண்டியது. சுமார் பதினொரு வாரத்தில் பத்து லட்சமும் முடிந்தது. அதில் தோட்டா போட்டுச் சுடுவதற்கு ஆகும் நேரத்தைவிடச் செய்வதற்கு ஆன நேரம் குறைவு என்று இன்றும் கேலி பேசுவார்கள். போருக்குப் பின் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. மிஞ்சியதைச் சுடுகிறவர் பணத்தை மட்டுமல்ல, விரல்களையும் பந்தயம் வைக்கிறார்.

இந்தக் கேள்வியை வீட்டுக்காரரிடம் விடாமல் சட்டமே முடிவு செய்த நாடு பிரிட்டன். 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. ஆனால் 1997 சட்டத்தின் 7-ம் பிரிவு சரித்திரத் துப்பாக்கிகளுக்கு இரண்டு வாசல் வைத்தது. 1919-க்கு முன் செய்தது, தோட்டா எளிதில் கிடைக்காத ரகம் என்றால் சேகரிப்பாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அபூர்வமானது, வரலாற்று முக்கியத்துவம் உள்ளது என்றால் பிஸ்லி போன்ற குறிப்பிட்ட இடங்களில்தான் இருக்க வேண்டும். சொந்தக்காரர் அங்கே போய்ப் பார்க்கலாம், சுடலாம். 1946-க்கு முன் போர்ச் சின்னமாகக் கொண்டுவந்ததற்குத் தனி விலக்கு. அதாவது வீட்டில் இருப்பது மௌனம் காக்கும். பேசுவது வெளியூரில் இருக்கும். விசித்திரம்தான். ஆனால் பதினாறு சின்னப் பாடைகளைப் பார்த்த தேசத்தோடு யார் வாதம் செய்வது?

நம் நாட்டில் இந்த விவாதத்துக்கே அதிகம் இடமில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. தாத்தா சொத்தாக வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். லூகரின் 9 எம்.எம். தோட்டா, லைசென்ஸ்காரர்களுக்கும் எட்டாத தடை ரகத்தைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் யோசித்து, சுடுவதென்றே முடிவு செய்கிறவர்கள் சில காரியங்களைச் செய்கிறார்கள். முதலில் விவரமறிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி விரிசல் உண்டா என்று பார்க்கிறார்கள். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிட்டு, சில டாலருக்குக் கிடைக்கும் புது ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள். அசல் கைப்பிடித் தட்டும் மேகசினும்கூட அலமாரிக்குப் போகும். வீரியம் கூட்டிய நவீனத் தோட்டாக்களைத் தொடுவதில்லை. அன்றைய அளவிலான சாதாரணத் தோட்டாதான். தாத்தா பெட்டியிலேயே கிடைத்த பழைய தோட்டாவைச் சுடக்கூடாது. 1950-களின் தொடக்கம் வரை ராணுவத் தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து வெடித்தபின் குழலுக்குள் ஒருவகை உப்பு தங்கும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துருப்பிடிக்க வைத்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, தண்ணீரில்தான் கரையும். நல்ல எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்தேனே என்று பின்னால் அங்கலாய்த்தவர்கள் ஏராளம்.

சுடுவதில்லை என்று முடிவு செய்கிறவர்களும் பூட்டிவிட்டுத் தூங்க முடியாது. பெரும்பாலானவர்கள் செய்யும் காரியம், துப்பாக்கியை அதன் தோலுறையிலேயே போட்டு வைப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தோல் பதனிட்ட ரசாயனமும் தோல் உறிஞ்சிய ஈரமும் சேர்ந்து, சண்டையில் சேதமாகாததைச் சாவகாசமாகத் தின்றுவிடும். உறை வேறு, துப்பாக்கி வேறாக இருக்க வேண்டும். கைரேகையின் வியர்வை போதும், சாம்பல் பூச்சில் ஐந்து விரலும் செந்நிறத்தில் தெரிய.

தவிர, இரும்பைவிட எளிதில் தொலைகிற இன்னொரு பொருள் அந்தப் பெட்டியில் இருக்கலாம். எதிரியிடமிருந்து எடுத்த ஆயுதத்தை ஊருக்குக் கொண்டுபோக வீரனுக்கு அவன் மேலதிகாரி கையெழுத்திட்டு ஒரு சான்றிதழ் தந்தார். வீரனின் பெயர், படைப் பிரிவு, சில சமயம் துப்பாக்கியின் எண் எல்லாம் அதில் டைப் அடித்திருக்கும். அதே எண்ணுள்ள லூகரோடு அந்தத் தாளும் சேர்ந்திருந்தால் விலை ஏறுவது ஒருபக்கம். தாத்தா எங்கே இருந்தார் என்பதற்குக் குடும்பத்திடம் உள்ள ஒரே எழுத்தாதாரமாகவும் அது இருக்கக்கூடும். 1973 ஜூலையில் செயிண்ட் லூயிஸ் நகருக்கு அருகே அரசின் ஆவணக் காப்பகத்தில் பெரும் தீ விபத்து நடந்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் பணிப் பதிவேடுகளில் சுமார் 80 சதவிகிதம் எரிந்துபோனது. எத்தனையோ வீடுகளில் துப்பாக்கியை எண்ணெய் போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். அதைச் சுற்றியிருந்த மஞ்சள் தாள், பெட்டியைச் சுத்தம் செய்த அன்றே குப்பைக்குப் போய்விட்டது.